சீமைக்குப் போன சட்டாம்பிள்ளை

பிள்ளைகளை இங்குள்ள பள்ளிகளில் சேர்த்திருக்கும் நம்மவர்கள் அடிக்கடி சொல்வது இது: "இங்க பசங்களே பசங்களுக்குச் சொல்லித் தராங்க, குழுவா உக்காந்து படிக்கிறாங்க. நம்ம ஊர்ல ஏதுங்க இதெல்லாம்?"

இருந்ததுங்க. அங்கிருந்து கப்பலேறியும் போனது!

ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1787-ல் சென்னை வந்தார். 1789-ல் எழும்பூரில், சிப்பாய்களின் அனாதைப் பையன்களுக்கான பள்ளி அவர் பொறுப்புக்கு வந்தது. ஒருநாள் நம்மூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். அதையே செய்யச் சொன்னபோது அவருடைய ஆசிரியர் முடியாது என்றுவிட்டார். பெல் அசரவில்லை. 8 வயதுப் பையன் ஒருவனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். வகுப்பு நடந்தது!

1797-ல் லண்டனில் இதைப் புத்தகமாக்கினார். 'மெட்ராஸ் முறை' என்றே பெயர் நிலைத்தது. ஓர் ஆசிரியரை வைத்து நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குச் சொல்லித்தரலாம், செலவு குறைவு என்பதால் வேகமாகப் பரவியது. அவர் பிறந்த செயின்ட் ஆண்ட்ரூஸில் 'மெட்ராஸ் காலேஜ்' என்ற பள்ளி இன்றும் இருக்கிறது.

சரி, நம் பள்ளிகளில் ஒழுங்கு எப்படி இருந்தது? அன்று சென்னை மாகாணத்திலும் இன்று கர்நாடகத்திலும் உள்ள பெல்லாரியின் கலெக்டர் கேம்ப்பெல், 1823-ல் எழுதிவைத்திருக்கிறார். முதலில் வரும் பையன் உள்ளங்கையில் 'சரஸ்வதி' என்று எழுதுவார்கள். இரண்டாமவனுக்குச் சுழி. மூன்றாமவனுக்கு ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு, அப்படியே ஏறிக்கொண்டு போகும். மூத்தவர்கள் இளையவர்களுக்குச் சொல்லித்தரும் முறையை மனதாரப் பாராட்டியவரும் அவர்தான்.

பெல் முறையை எடுத்துக்கொண்டார், பிரம்பைக் குறைத்தார். தப்பு செய்தவன் பெயர் ஒரு புத்தகத்தில் ஏறும். சக மாணவர்களே உட்கார்ந்து விசாரிப்பார்கள். அவருடைய போட்டியாளர் லங்காஸ்டரோ பையனைக் கூடையில் போட்டு மேலே தொங்கவிட்டார். நம்மூர்க் கோதண்டத்துக்குச் சீமை அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இங்கே பெருமையோடு நிறுத்திவிட முடியாது. 1880-க்குப் பிறகு வட ஆற்காட்டிலிருந்து தங்கவயலுக்கு வந்து, எங்கள் பேத்தமங்களா ஏரித் தண்ணீரைக் குடித்துச் சுரங்கத்தில் உழைத்தவர்களில் மிகப் பலர் தாழ்த்தப்பட்ட மக்கள். பெரும்பாலான திண்ணைகளில் அவர்கள் பிள்ளைகளுக்கு இடமே கிடையாது. சென்னையில் அவர்களுக்கென்று ஆல்காட் இலவசப் பள்ளி தொடங்கியதே 1894-ல்தான். கடல் தாண்டிப் போன பாடமுறை, பக்கத்துச் சேரிக்குப் போகவில்லை.

அதனால் "எல்லாம் நம்மகிட்ட இருந்தது" என்று பிள்ளைகளிடம் சொல்லும்போது, அந்தத் திண்ணையில் யார் உட்கார்ந்தார்கள், யார் தெருவில் நின்றார்கள் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். குழுவாகப் படிப்பது நல்ல விஷயம்தான். குழுவில் யாரைச் சேர்க்கிறோம், சட்டாம்பிள்ளை கையில் எதைக் கொடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.