எல்.ஆர்.ரி. சத்திரசிகிச்சை: நோவைக் குறைப்பது எப்படி?

பெண்களுக்கான நிரந்தரக் கருத்தடையை எங்கள் வைத்தியசாலைகளில் 'எல்.ஆர்.ரி.' என்பார்கள். கருமுட்டை வரும் இரு பலோப்பியன் குழாய்களையும் கட்டி, நடுவே ஒரு துண்டை வெட்டி அகற்றுவதே இச்சிகிச்சை. பிரசவமாகி ஏழு நாட்களுக்குள், அல்லது ஆறு வாரங்களுக்குப் பின்னர் இதைச் செய்யலாம். சிசேரியனின்போதும் செய்வதுண்டு. பிரசவித்த உடனே கருப்பை உயர்ந்திருப்பதால் தொப்புளுக்குக் கீழேயும், பின்னரென்றால் அடிவயிற்றிலும் சிறிய வெட்டுப் போடப்படும்.

விறைப்பா, மயக்கமா?

வெட்டும் இடத்தை மட்டும் விறைக்கச் செய்து, பதற்றத்தைக் குறைக்கும் இலேசான மருந்தும் கொடுப்பது, முழு மயக்கத்தை விடப் பாதுகாப்பானது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். ஆனால் அப்போது பெண் விழித்திருப்பார். தோல் விறைத்திருந்தாலும் குழாயை வெளியே இழுக்கும்போது அடிவயிற்றில் இழுவையும் குமட்டலும் ஏற்படலாம். குழாயின் மேலும் விறைப்பு மருந்து இட்டால் இந்த நோ குறையும். அடுத்து என்ன நடக்கப்போகிறது என்பதை முன்கூட்டியே சொல்வதும், வலித்தால் நிறுத்தி மேலும் மருந்து கொடுப்பதும் சிகிச்சையின் பகுதிகளே. "நோகுது" என்று சொல்வது அடம்பிடிப்பல்ல.

வெட்டில்லாவிட்டால் வலியில்லையா?

வெட்டின்றி, கருப்பை வழியாகக் குழாய்களுக்குள் சுருள் வைக்கும் 'எஷ்யூர்' முறைக்கு அமெரிக்கா 2002 இல் அனுமதி வழங்கியது. மருத்துவரின் அறையிலேயே செய்துகொண்டு வீடு திரும்பலாம் என்பதே அதன் கவர்ச்சி. நாட்பட்ட வலி, குழாயில் துளை விழுதல் போன்ற முறைப்பாடுகள் குவிந்தன. 2018 இறுதியோடு அங்கு விற்பனை நிறுத்தப்பட்டது.

சம்மதம்

அவசரமும் ஆபத்துத்தான். 2014 நவம்பரில் இந்தியாவின் சத்தீஸ்கர் மாநிலம் பிலாஸ்பூர் அருகே ஒரே முகாமில் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்குக் கருத்தடை செய்யப்பட்டது. 13 பேர் இறந்தனர். இத்தகைய முகாம்களை மூன்று ஆண்டுகளுக்குள் நிறுத்துமாறு இந்திய உச்ச நீதிமன்றம் 2016 இல் உத்தரவிட்டது. இங்கேயும் 2013 இல் கிளிநொச்சியின் வேரவில், வலைப்பாடு பகுதிகளில் பெண்களை வற்புறுத்திக் கையில் கருத்தடைக் குச்சி வைத்ததாகக் குற்றச்சாட்டு எழுந்தது.

குச்சியை எடுத்துவிடலாம், எல்.ஆர்.ரி.யை மீளச் சரிசெய்வது கடினம், நிச்சயமுமில்லை. ஆகவே பிரசவ வலியில் கிடக்கும்போது கையொப்பம் கேட்கும் நிலை வரக்கூடாது. கர்ப்பகால கிளினிக்கிலேயே குடும்பநல உத்தியோகத்தரிடமும் வைத்தியரிடமும் பேசி முடிவெடுப்பது நல்லது. சத்திரசிகிச்சைக்கு முன் எந்த நேரத்திலும் மனம் மாறலாம்.

வீடு திரும்பிய பின்

இரண்டு நாள் ஓய்வு வேண்டும். ஒரு வாரத்துக்குத் தண்ணீர்க்குடம் போன்ற பாரங்களைத் தூக்கக்கூடாது. உடலுறவையும் தவிர்க்க வேண்டும். நோவுக்குப் பரசிற்றமோல் போதும், அஸ்பிரின் வேண்டாம். காய்ச்சல், காயத்தில் சீழ் அல்லது இரத்தக்கசிவு, கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலி, மயக்கம் இருந்தால் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். அரிதாக இம்முறையும் தவறலாம். மாதவிடாய் தள்ளிப்போனால் குழாயில் கரு தங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அது உயிராபத்தானது.