எண்ணும் வேடமும்



ஆட்டங்கள் பலவகை. வெற்றி ஒன்றையே எல்லையாகக் கொண்டவை சில, சதுரங்கம் அவ்வகை. வேறொருவராக மாறிச் சிறிது நேரம் வாழ்ந்து பார்ப்பதையே பயனாகக் கொண்டவை வேறு சில, கூத்து அவ்வகை. இவ்விரண்டையும் ஒரே மேசையில் கூட்டிவைத்த ஆட்டம் ஒன்று 1974-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்தது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்னும் இருவர் அமைத்த அதற்கு 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்று பெயர். வெளிமாநில நகரங்களில் வளரும் நம் பிள்ளைகளுள் சிலர் இதனையோ, இதன் வழிவந்த ஆட்டங்களையோ அறிந்திருப்பர்.

ஆட்டத்தின் முறை எளியது. ஒருவர் கதையை நடத்தி நடுவராகவும் அமர்வார். மற்றவர் ஒவ்வொருவரும் வீரன், மந்திரவாதி, திருடன் என ஒரு பாத்திரத்தை ஏற்பர். அப்பாத்திரத்தின் வலிமை, அறிவு, விவேகம், கைத்திறன், உடலுறுதி, வசீகரம் ஆகிய ஆறும் எண்களால் குறிக்கப்படும். தொடக்கத்தில் மும்மூன்று பகடைகளை உருட்டியே அவ்வெண்களைப் பெற்றனர். ஆகவே அவை 3 முதல் 18 வரை அமையும். ஆடுபவர் தம் பாத்திரம் செய்வதை வாயால் சொல்லுவார். ஐயத்துக்குரிய செயல் கைகூடுமா என்பதைப் பகடை சொல்லும்.

காலப்போக்கில் விதிகள் பெருகின. 2000-ஆம் ஆண்டில் வந்த மூன்றாம் பதிப்பு, பாத்திரத்தைத் தாமே பலவாறு அமைத்துக்கொள்ளும் வாய்ப்பை மிக விரிவாக்கியது. எந்தத் திறனை எதனோடு சேர்த்தால் வெல்லமுடியாத வீரன் கிடைப்பான் என்று கணக்கிடுவோர் ஒரு சாரார் ஆயினர். எண் எப்படியாயினும் ஆகுக, ஏற்ற வேடத்திற்கு உண்மையாக நிற்பதே ஆட்டம் என்போர் மற்றொரு சாரார். கணக்கர்க்கு நடிக்கத் தெரியாது என்று இவர்களும், நடிகர்க்கு ஆடத் தெரியாது என்று அவர்களும் வழக்காடி வருகின்றனர்.

இவ்வழக்கைச் சித்தூர்ச் சீமை தன் கோயில் வாயிலிலும் தெருவிலும் நெடுங்காலமாக ஆடிப்பார்த்து வருகிறது என்பதே நாம் இங்குச் சொல்லவந்த செய்தி.

சித்தூர் மாவட்டம் 1911-இல் அமைந்தது. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தபோது சென்னை மாநிலத்தினின்றும் பிரிந்து அதனோடு சேர்ந்தது. 1960-இல் திருத்தணிப் பகுதி தமிழகத்திற்கு வந்தது. 2022-இல் திருப்பதி தனி மாவட்டம் ஆயிற்று. எல்லைக்கோடுகள் இங்ஙனம் நகர்ந்தனவேனும், தருமராஜர் கோயில்களும் திரௌபதியம்மன் கோயில்களும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. அங்குப் பாரதம் பகலில் கதையாக விரிக்கப்படும். இரவில் கூத்தாக ஆடப்படும். அருச்சுனன் வேடம் பூண்டவர் தபசு மரம் ஏறுவார். இறுதியில் மண்ணாற் செய்த துரியோதனன் பேருருவம் வீழும், மக்கள் தீமிதிப்பர். தமிழில் வில்லிபுத்தூராரும், தெலுங்கில் 13-ஆம் நூற்றாண்டினரான திக்கனரும் பாடிய பாரதம் இரண்டையும் கேட்டு வளர்ந்த சீமை இது.

அப்பாரதத்துள் விராட பருவம் முழுவதும் ஒரு வேட ஆட்டமே. மழை வேண்டி இதனைப் படிக்கச்செய்யும் வழக்கமும் உண்டு. விதி இதுதான்: பதின்மூன்றாம் ஆண்டில் பாண்டவர் எவராலும் அறியப்படாமல் வாழவேண்டும், அறியப்பட்டால் மீண்டும் பன்னிரண்டாண்டு வனவாசம். ஆகவே தம் முழுத்திறனைக் காட்டுவதே இங்குத் தோல்வி. வில்லாளருள் சிறந்தவன் வில்லைத் தொடலாகாது.

அவர்கள் வேடங்களைத் தேர்ந்த வகை கருதத்தக்கது. சூதில் நாட்டை இழந்த தருமன், காட்டில் பிருகதசுவ முனிவரிடம் சூதின் நுட்பம் கற்றவன். அவன் கங்கன் என்னும் பெயரில் மன்னனோடு சூதாடும் அவையாளன் ஆனான். பெருந்தீனிக்காரனான வீமன் மடைப்பள்ளி புகுந்தான். தேவருலகில் ஆடலும் பாடலும் பயின்ற அருச்சுனன், ஊர்வசியின் சாபத்தையே மறைப்பாகக் கொண்டு பிருகன்னளையாகி நடனம் கற்பித்தான். குறையைக்கூட முதலாக மாற்றிய கணக்கு இது! நன்கு கணக்கிட்டமையாலன்றோ அவர்தம் வேடம் பொருந்திற்று? எனவே கணக்கும் நடிப்பும் பிறவிப்பகை என்பது பொருந்தாது.

ஆயின் சோதனை பின்னர் வந்தது. அரசியின் உடன்பிறந்தானும் படைத்தலைவனுமாகிய கீசகன், சைரந்திரி வேடத்திலிருந்த திரௌபதியைத் துன்புறுத்தினான். அவையிலேயே காலால் உதைத்தான். வீமன் அங்கிருந்த மரத்தை நோக்கினான். விறகு வேண்டுமாயின் வெளியே தேடு என்று கங்கன் குறிப்பாற் சொல்லி அவனை அடக்கினான். திரௌபதியையோ, காலமறியாமல் கூத்தாடிபோல் அழுது சூதாட்டத்தைக் கெடுக்கிறாய் என்று கடிந்து அனுப்பினான். வேடமும் பிசகவில்லை, கணக்கும் பிசகவில்லை. ஆயினும் எவளுடைய மானத்திற்காக நாட்டை மீட்கக் கருதினரோ, அவளே அங்கே தனியே நின்றாள்.

அவள் அன்றிரவே மடைப்பள்ளி சென்று வீமனை எழுப்பினாள். நடனசாலையின் இருளில் கீசகன் மாண்டான். கந்தருவர் ஐவர் தன் கணவர் என்று சைரந்திரி முன்னரே சொல்லி வைத்திருந்தாள்; ஆகவே கந்தருவரே கொன்றனர் என ஊர் நம்பிற்று. வேடத்தின் கதைக்குள் நின்றே அறமும் நிறைவேறியது. அதற்கு விலையும் இருந்தது: கீசகன் மாண்ட செய்தியே துரியோதனனை விராடநாட்டின்மேல் படையெடுக்கத் தூண்டிற்று. கணக்கை மட்டும் நோக்குபவன் அக்கொலையைச் செய்திரான்.

திருப்பதி நகரிலும் இதனை ஒத்ததொரு கதை ஆடப்படுகிறது. மே மாதத்தில் நிகழும் தாத்தையகுண்டா கங்கம்மா திருவிழாவில் மக்கள் நாளுக்கொரு வேடம் பூணுவர். பைராகி வேடத்தில் வெண்மண்ணும், பண்ட வேடத்தில் குங்குமமும், தோட்டி வேடத்தில் கரியும் பூசுவர். ஆடவர் பெண்ணுடை அணிந்து வருவதும் உண்டு. பெண்களைக் கெடுத்த பாளையக்காரன் ஒருவன் கங்கம்மாவுக்கு அஞ்சி ஒளிந்தான் என்பது கதை. அவள் வேடம் மாற்றி மாற்றித் தேடினாள். கடைசியில் துரை வேடத்தில் வந்தபோது, தன் தலைவன் வந்தான் என்று எண்ணி அவன் வெளிப்பட்டான், வெட்டுண்டான். ஆற்றலில் குறைவில்லாத தெய்வத்துக்கும் வெற்றி தந்தது வேடமே. அவ்வேடமோ வெறும் கேளிக்கைக்கன்று, ஊர்ப்பெண்களின் காவலுக்கு.

ஆகவே மேசையைச் சுற்றி அமர்ந்து வழக்காடும் இருசாராரையும் நாம் கேட்கவேண்டிய கேள்வி வேறு. உன் பாத்திரத்தின் எண் எவ்வளவு என்பதன்று. உன் நடிப்பு எவ்வளவு என்பதுமன்று. உடன் ஆடுபவர் இடருறும்போது உன் எண்ணையும் வேடத்தையும் எதற்குச் செலவிடுவாய்?

பிறமொழி நாட்டில் பிழைக்கச் சென்றவர்க்கு இக்கேள்வி நன்கு விளங்கும். பெயரைச் சுருக்கியும், பேச்சை மாற்றியும், கூலியையும் வாடகையையும் கணக்கிட்டும் வாழ்கிறோம். அக்கணக்கில் இழிவில்லை, அவ்வேடத்திலும் பொய்யில்லை. பக்கத்து வீட்டாருக்கு ஓர் இடர் வரும்போது, நமக்கேன் வம்பு என்று கங்கனைப்போல் காயை உருட்டிக்கொண்டிருப்போமா, அன்றி எழுவோமா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.