நிலக்கரி நாடு கேட்ட பண்பாட்டு மகுடம்

ஆண்டுதோறும் நகரங்களைத் தேர்ந்து பண்பாட்டின் பெயரால் சிறப்பிக்கும் ஐரோப்பிய வழக்கம், கிரேக்க நாட்டின் பண்பாட்டு அமைச்சராக விளங்கிய நடிகை மெலினா மெர்கூரியின் உள்ளத்தில் உதித்ததாகும். 1985இல் ஏதென்ஸ் அப்பெயரை முதலில் தாங்கியது. புளோரன்ஸ், பாரிஸ் எனப் பழம்புகழ் வாய்ந்த நகரங்கள் பின்தொடர்ந்தன. 1990இல் கப்பல் கட்டும் தொழில் நலிந்திருந்த கிளாஸ்கோ அப்பெயரைப் பெற்றபோதுதான், கைத்தொழிலாளர் வாழும் ஊருக்கும் இவ்வரிசையில் இடமுண்டு என்பது புலனாயிற்று. ஜெர்மனியின் ரூர் வட்டாரம் அவ்வழியிலேயே பின்னர் வந்தது.

ரூர் என்பது ஒரு நகரன்று. ஐம்பது இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழும் 53 ஊர்களின் தொகுதி அது. ஓர் ஊர் முடிந்து மற்றோர் ஊர் தொடங்கும் இடத்தை வழிப்போக்கர் அறிதல் அரிது. ஆனால் 2010ஆம் ஆண்டுக்கான பட்டத்தைக் கேட்க விரும்பியபோது விதி குறுக்கே நின்றது. விண்ணப்பிக்கும் நகரம் தன் சுற்றுப்புறத்தை உடன் சேர்த்துக்கொள்ளலாம். பட்டமோ நகருக்கே உரியது. எந்த ஊரின் பெயரை முன்னிறுத்துவது? போகுமும் எஸ்ஸனும் போட்டியிட, எஸ்ஸன் தேர்வாயிற்று. ஏனைய ஊர்கள் தம் பெயரை விட்டுக்கொடுத்தது சிறு செயலன்று. அடுத்து மாநில அளவில் பெருங்கோயில் நகரான கொலோனை எஸ்ஸன் வென்றது. நாடு முழுவதிலும் போட்டியிட்ட பத்து நகரங்களுள் 2005இல் எஞ்சியவை இரண்டு. ஒன்று எஸ்ஸன், மற்றொன்று, போலந்து எல்லையில் ஆற்றின் மறுகரை ஊரோடு கைகோத்து வந்த கோர்லிட்ஸ். 2006 ஏப்ரலில் ஐரோப்பிய நடுவர் குழு எஸ்ஸனைப் பரிந்துரைத்தது.

நடுவர்க்குக் காட்ட எஸ்ஸனிடம் இருந்தது சோல்ஃபெரைன் சுரங்கம். ஷூப், கிரெம்மர் என்னும் கட்டடக் கலைஞர் இருவர் வடிவமைத்து 1932இல் இயங்கத் தொடங்கிய அதன் பன்னிரண்டாம் சுரங்கவாய், நாளொன்றுக்கு 12,000 டன் நிலக்கரியை மேலேற்றியது. 1986 டிசம்பரில் அது மூடப்பட்டது. இடித்துத் தள்ளுவதே இயல்பெனப் பலர் கருதிய காலம் அது. காப்பாற்றியவர் துணிவால் அது நின்றது. 2001இல் உலக மரபுச் சின்னமாயிற்று.

எனினும் ரூரின் கலைமரபு சுரங்கம் மூடியபின் முளைத்ததன்று. 1902இல் ஹாகன் நகரில் கார்ல் எர்ன்ஸ்ட் ஓஸ்ட்ஹவுஸ் ஃபோல்க்வாங் அருங்காட்சியகத்தைத் திறந்தார். தொழிற்புகை சூழ்ந்த மக்களுக்கே புதுக்கலை வேண்டும் என்பது அவர் துணிபு. அவர் மறைந்தபின், 1922இல் அத்தொகுப்பு எஸ்ஸனுக்கு வந்தது. 1937இல் நாஜிகள் ஆயிரத்துக்கு மேற்பட்ட படைப்புகளைப் பறித்துச் சென்றனர். விண்ணப்பத்தின் முழக்கமாகிய 'பண்பாட்டால் மாற்றம், மாற்றத்தால் பண்பாடு' என்பதன் வேர் ஓஸ்ட்ஹவுஸிடமே உள்ளது.

2010 ஜனவரியில் பனி கொட்டும் சோல்ஃபெரைனில் விழா தொடங்கியது. மே மாதத்தில், பழைய சுரங்கவாய்கள் இருந்த இடங்களுக்கு மேல் முந்நூற்றுக்கு மேற்பட்ட மஞ்சள் பலூன்கள் மிதந்தன. புதையுண்ட தொழிலுக்கு வானில் நட்ட நடுகற்கள் என அவற்றைச் சொல்லலாம். ஜூலை 18 அன்று நெடுஞ்சாலையின் 60 கிலோமீட்டரை அடைத்து 20,000 மேசைகள் இட்டனர். ஏறத்தாழ முப்பது இலட்சம் பேர் கூடினர். ஆறு நாள் கழித்து, டூயிஸ்பூர்க்கில் நடந்த இசைப் பெருங்கூட்டத்தின் நெரிசலில் 21 பேர் மாண்டனர். அவ்வாண்டின் வரலாற்றை எழுதுவோர் முதற் கூட்டத்தை மட்டும் எழுதிவிட்டு அகல்வது நேர்மையாகாது.

பட்டம் வேலையின்மையைத் துடைக்கவில்லை. துடைக்கும் என எதிர்பார்த்ததும் மிகையே. 2018 டிசம்பரில் பாட்ராப் நகரின் கடைசிச் சுரங்கம் மூடப்பட்டபோது, இறுதி நிலக்கரித் துண்டைத் தொழிலாளர் குடியரசுத் தலைவர் கையில் கொடுத்தனர். சுரங்கங்களால் தாழ்ந்துபோன நிலத்தில் நீர் தேங்காதிருக்க எக்கிகள் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன.