ஒரு சுவர், இரண்டு செப்புத் தகடுகள்

மிலானில் சாந்தா மரியா டெல்லே கிராட்சியே மடத்தின் உணவுக்கூடச் சுவரில் ‘இறுதி இராவுணவு’ ஓவியத்தை லியோனார்டோ டா வின்சி 1498 வாக்கில் முடித்தார். ஈரச் சாந்தில் தீட்டும் வழக்கத்தை விட்டுக் காய்ந்த சுவரில் தீட்டியதால், அவர் காலத்திலேயே வண்ணம் உதிரத் தொடங்கியது. மிலானுக்குப் போக முடியாதவர்களுக்கு அச்சுப்படங்களே கதி. முன்னூறு ஆண்டு இடைவெளியில் வந்த இரண்டு அச்சுப்படங்களை இங்கே ஒப்பிடலாம்.

முதலாவது 1500ஐ ஒட்டியது. மிலான் அரசவைக்கு நுண்ணோவியம் தீட்டிய ஜோவான்னி பியெத்ரோ தா பிராகோ செதுக்கியதாகக் கருதப்படுவது. மூல ஓவியம் அப்போது புத்தம்புதிது. ஆனால் கைவேலை முரடு: முகங்களில் உணர்ச்சி மங்கல், ஆடை மடிப்புகளில் விறைப்பு. உங்களுள் ஒருவன் காட்டிக்கொடுப்பான் என்ற இயேசுவின் சொல் இலத்தீனில் படத்துக்குள்ளேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. வலது கீழ்மூலையில் ஒரு நாய்; லியோனார்டோவின் சுவரில் இல்லாதது அது.

இரண்டாவது 1800இல் ரஃபாயேல்லோ மோர்கென் செதுக்கியது. இவருக்கு ஆதாரம் தியோதோரோ மத்தேயினி வரைந்து கொடுத்த படம். அதற்குள் சுவரோவியம் பாழடைந்திருந்தது. 1652இல் வாசல் வெட்டியதில் இயேசுவின் பாதங்களும் போயிருந்தன. மோர்கென் படத்தில் வாசலும் இல்லை, சிதைவும் இல்லை. நெருக்கமாக ஓடும் மெல்லிய கோடுகள் ஒவ்வொரு சீடரின் திகைப்பையும் தனித்தனியே காட்டுகின்றன. இலத்தீன் வாசகம் படத்துக்கு வெளியே, அடியில் நிற்கிறது. நாய் இல்லை. கூடவே, இயேசுவின் வலக்கை அருகே இருந்த திராட்சை ரசக் கிண்ணமும் இல்லை.

நாய் சேர்ந்ததைவிடக் கிண்ணம் விடுபட்டதுதான் பெரிய மாற்றம். அப்பத்தையும் ரசத்தையும் தந்து நற்கருணையை ஏற்படுத்தும் காட்சியும் அந்த மேசையில் அடக்கம். கிண்ணம் போனதும், துரோகத்தைக் கேட்டு அதிரும் பன்னிரண்டு சீடர்களின் நாடகமே மேலோங்குகிறது. 1817இல் இந்த ஓவியத்தைப் பற்றி எழுதிய கவிஞர் கதேயும் அந்த அதிர்ச்சியையே மையமாக்கினார். மோர்கென் படம் அவர் வாசகர்களுக்குப் பழக்கமானது. பிராகோவின் படத்துக்கும் பெரிய வாரிசு உண்டு. இத்தாலிக்கே போகாத ரெம்பிராண்ட் அதைப் பார்த்துச் சிவப்புச் சுண்ணத்தில் வரைந்தார். அந்த நாயும் அங்கே குடியேறியது.

இரண்டில் எதை நம்பலாம்? யார் எங்கே அமர்ந்தார், எந்தக் கை எங்கே நீண்டது என்பதற்குப் பிராகோவே நல்ல சாட்சி. மூலம் முழுதாக இருந்த காலத்தவர். மோர்கென் தரும் முகத்தெளிவு பெரும்பாலும் அவர் காலத்துக் கற்பனை, ஏனெனில் பார்த்துச் செதுக்க முகங்கள் சரியாக எஞ்சியிருக்கவில்லை. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பா லியோனார்டோவை எப்படிப் புரிந்துகொண்டது என்று அறிய, சுவரைவிட மோர்கென் தகடே முக்கியமான ஆவணம்.