மக்ரிபுக்குப் பிறகு நிற்காமல் அழும் பச்சிளங்குழந்தை: செய்ய வேண்டியதும் கூடாததும்

பகலெல்லாம் நன்றாகப் பால் குடித்துத் தூங்கிய குழந்தை, மக்ரிப் நேரம் ஆனதும் வீறிட்டு அழத் தொடங்கும். முகம் சிவக்கும், கைகளை இறுக்கி மூடும், கால்களை வயிற்றோடு மடக்கும். தூக்கினாலும் பால் கொடுத்தாலும் அடங்காது. இரண்டு மூன்று மணி நேரம் கழித்துத் தானாகவே ஓயும். மறுநாள் அதே நேரத்தில் மறுபடியும் ஆரம்பிக்கும். "கண்ணேறு பட்டுவிட்டது" என்பார் ஒருவர். "உம்மாவுக்குப் பால் பத்தவில்லை" என்பார் இன்னொருவர். "உரம் விழுந்திருக்கிறது" என்பார் மூன்றாமவர். பெரும்பாலான குழந்தைகளுக்கு இது மருத்துவர்கள் 'கோலிக்' என்று அழைக்கும் நிலைதான். அதைப் பற்றிப் பெற்றோரும் வீட்டுப் பெரியவர்களும் அறிய வேண்டியதை இங்கே தருகிறோம்.

கோலிக் என்றால் என்ன?

நோய் எதுவுமில்லாத, எடை நன்றாகக் கூடிவரும் குழந்தை, காரணம் தெரியாமல் நீண்ட நேரம் அழுவதே கோலிக். நாளில் 3 மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் 3 நாட்களுக்கு மேல், 3 வாரங்களுக்கு மேல் என்ற கணக்கை அமெரிக்கக் குழந்தை மருத்துவர் மோரிஸ் வெஸல் 1954இல் வகுத்தார். இன்று மருத்துவர்கள் மணிக்கணக்கை அவ்வளவு இறுக்கமாகப் பார்ப்பதில்லை.

பிறந்த 2 அல்லது 3 வாரத்தில் இந்த அழுகை தொடங்கும். 6ஆவது வார அளவில் உச்சத்தைத் தொடும். 3, 4 மாதங்களில் பெரும்பாலும் தானாகவே நின்றுவிடும். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கும் வரும், புட்டிப்பால் குடிக்கும் குழந்தைக்கும் வரும். இதுதான் காரணம் என்று ஒன்றை மட்டும் மருத்துவத்தால் இன்னும் சுட்ட முடியவில்லை. வயிற்றில் சேரும் வாயுவும்கூடப் பல நேரங்களில் அழும்போது காற்றை விழுங்குவதால் வருவதே.

நாற்பது முடியும் நேரம்

6ஆவது வாரம் என்பது ஏறக்குறைய நம் வீடுகளில் 'நாற்பது' முடியும் நேரம். தாய் வீட்டில் ஆள் துணையோடு இருந்த பெண், பிள்ளையோடு புகுந்த வீடு திரும்பி அடுப்படி வேலையையும் ஏற்கத் தொடங்கும் காலம் அது. அழுகை கூடும்போது துணை குறைகிறது. போதாததற்கு "உன் பாலில்தான் ஏதோ கோளாறு" என்ற பேச்சும் சேர்ந்தால், நன்றாகச் சுரக்கும் தாய்ப்பாலை நிறுத்திவிட்டுப் பலர் புட்டிக்கு மாறிவிடுகிறார்கள். கோலிக் யாருடைய தவறும் அல்ல. குழந்தையின் எடை ஒழுங்காகக் கூடி, நாளில் 6 முறையாவது சிறுநீர் கழித்தால் பால் போதுமானதாகவே இருக்கிறது.

முதலில் பார்க்க வேண்டியவை

பசி, ஈரத்துணி, வியர்வை, குளிர் ஆகியவற்றைப் பாருங்கள். உடைகளைக் கழற்றி, கால் விரல்களில் தலைமுடியோ நூலோ சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள். இடுப்பிலும் கையிலும் கட்டிய கயிறு இறுகியிருந்தால் அகற்றிவிடுங்கள். கழுத்தில் கயிறு கட்டவே வேண்டாம்.

வராமல் குறைக்க

- மார்புக் காம்பை மட்டுமல்லாமல், அதைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் பெரும்பகுதியையும் குழந்தையின் வாய் கவ்வ வேண்டும். இல்லையென்றால் பாலோடு காற்றும் போகும்.
- அழுது களைக்கும்வரை காத்திருக்காமல், வாயைத் திறந்து தேடும்போதே பால் கொடுங்கள்.
- பால் கொடுத்ததும் தோளில் நிமிர்த்திப் போட்டு, முதுகை மெல்லத் தட்டி ஏப்பம் விடச் செய்யுங்கள். 10 முதல் 15 நிமிடம் நிமிர்த்தியே வைத்திருங்கள்.
- புட்டிப்பால் என்றால் காம்பு முழுவதும் பால் நிறைந்திருக்கும்படி புட்டியைச் சாய்த்துப் பிடியுங்கள்.
- பருப்பு, கிழங்கு என்று ஒவ்வொன்றாக விலக்கித் தாய் பட்டினி கிடக்கத் தேவையில்லை. குழந்தையின் மலத்தில் இரத்தமோ சளியோ, தோலில் கரப்பானோ இருந்தால் பசும்பால் ஒவ்வாமையாக இருக்கலாம். அதை மருத்துவரிடம் காட்டியே முடிவு செய்யுங்கள்.

அழும்போது ஆற்றும் வழிகள்

நெஞ்சோடு அணைத்து மெல்ல நடப்பது நல்ல பலன் தரும். முன்கையின் மேல் குழந்தையைக் குப்புறக் கிடத்தி, தலையைத் தாங்கியபடி நடந்தாலும் சில குழந்தைகள் அடங்கும். மின்விசிறியின் ஓசை, தாலாட்டு, மங்கிய வெளிச்சம், வெதுவெதுப்பான குளியல் ஆகியவையும் உதவும். பால் குடித்து சற்று நேரம் ஆன பிறகு, வயிற்றைக் கடிகாரம் சுற்றும் திசையில் மெல்லத் தடவலாம், கால்களைச் சைக்கிள் ஓட்டுவதுபோல அசைக்கலாம். தூளியில் மெல்ல ஆட்டலாம். ஆனால் தூங்கியதும் சமமான படுக்கையில் மல்லாக்கப் படுக்க வைப்பதே பாதுகாப்பு.

வாயில் வைக்கக் கூடாதவை

முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும், தண்ணீர்கூட வேண்டாம் என்பது உலக சுகாதார அமைப்பின் அறிவுரை. ஓமத் தண்ணீர், சர்க்கரைத் தண்ணீர், உரைமருந்து எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

*தேன்:* சேனை வைக்கும்போது தேன் தொடும் வழக்கம் நம்மிடம் உண்டு. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது. அதிலுள்ள நுண்கிருமி வித்துக்கள் குழந்தையின் குடலில் வளர்ந்து, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்கலாம்.

*வசம்பு:* 'பிள்ளை வளர்ப்பான்' என்று பெயர் இருந்தாலும், இதிலுள்ள அசரோன் என்ற பொருள் சோதனை எலிகளில் புற்றுநோயை உண்டாக்கியதால் அமெரிக்கா 1968இல் உணவில் இதைத் தடை செய்தது.

*கிரைப் வாட்டர்:* 1851இல் இங்கிலாந்தில் வில்லியம் உட்வர்ட் உருவாக்கியது. பழைய தயாரிப்பில் ஆல்கஹால் இருந்தது, பின்னர் நீக்கப்பட்டது. கோலிக்கைக் குணப்படுத்தும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. வாயுவுக்குத் தரும் சிமெத்திக்கோன் சொட்டு மருந்தின் நிலையும் அதுவே.

தொக்கம் எடுப்பது, உரம் எடுக்கத் துணியில் உருட்டுவது, சூடு போடுவது, மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது எல்லாம் ஆபத்தானவை. கண்ணேறுக்காக ஓதி துஆ செய்வதில் குழந்தைக்குக் கெடுதல் எதுவும் இல்லை. ஆனால் அதற்காக மருத்துவரிடம் போவதைத் தள்ளிப் போடாதீர்கள்.

குழந்தையைக் குலுக்காதீர்கள்

பல நாள் தூக்கமில்லாமல் இருக்கும் எவருக்கும் ஒரு கட்டத்தில் ஆத்திரம் வரும். அந்த நேரத்தில் குழந்தையைப் பிடித்து வேகமாக உலுக்கினால் மூளைக்குள் இரத்தம் கசியும். பார்வை போகலாம், உயிரே போகலாம். பொறுமை எல்லை மீறுகிறது என்று தோன்றினால், குழந்தையைப் பாதுகாப்பான படுக்கையில் மல்லாக்கக் கிடத்திவிட்டு, சில நிமிடம் அடுத்த அறைக்குப் போய் மூச்சு வாங்குங்கள். குழந்தை அழுதாலும் பரவாயில்லை. பிறகு வேறொருவரிடம் ஒப்படையுங்கள்.

உடனே மருத்துவமனைக்கு

- 3 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 பாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் காய்ச்சல்
- பச்சை நிறத்தில் வாந்தி, வயிறு உப்பிக் கெட்டிப்படுதல்
- மலத்தில் இரத்தம்
- இடுப்பு மடிப்பிலோ விதைப்பையிலோ வீக்கம்
- பால் குடிக்க மறுத்தல், துவண்டு கிடத்தல், வலிப்பு, மூச்சுத் திணறல்

தமிழகத்தில் 108 ஆம்புலன்சை அழைக்கலாம். இந்த அறிகுறிகள் இல்லாவிட்டாலும், அழுகை வழக்கத்துக்கு மாறாக இருந்தால் ஒருமுறை குழந்தை மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது.

குடும்பத்தாருக்கு

கோலிக்குக்கு உறுதியான மருந்து இல்லை. அந்தச் சில வாரங்களைக் கடக்க ஆள் துணைதான் வேண்டும். மக்ரிபுக்கும் இஷாவுக்கும் பிறகான நேரத்தை முறைவைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள். குழந்தையின் தந்தை ஒரு மணி நேரம், மாமியார் ஒரு மணி நேரம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டால் தாய் சற்றுக் கண்ணயர முடியும். தாய் காரணமின்றி அழுதுகொண்டே இருந்தாலோ, குழந்தையிடம் ஒட்டாமல் விலகினாலோ, அவருக்கும் மருத்துவ உதவி தேவை. அதைக் குறை சொல்லாமல் செய்து கொடுங்கள். மூன்று நான்கு மாதத்தில் இந்த அழுகை அடங்கிவிடும், இன்ஷா அல்லாஹ். அதுவரை தாயையும் பிள்ளையையும் தாங்கிப் பிடிப்பது வீட்டிலுள்ள அனைவரின் பொறுப்பு.