ஓமந்தைக்கு நேர் தெற்கே: 1935ஆம் ஆண்டின் ஒரு நாள்

ஓமந்தை கிழக்கு நெட்டாங்கு எண்பதரைப் பாகையளவில் அமைந்த ஊர். அந்நெட்டாங்கு வழியே தெற்கு நோக்கிச் செல்வோன் தெய்வேந்திரமுனைக்கு அருகே நிலத்தை நீங்குவானாயின், அந்தாட்டிக்காவின் பனிவிளிம்பை எய்தும்வரை வேறு நிலத்தைக் காணான். அவ்விளிம்புக்கு இங்கிரிட் கிறிஸ்தென்சன் கரை என்று பெயர். குளத்து நீரை நம்பி நெல் விளைக்கும் வன்னிக்கும் அதற்கும் இந்த ஒரு கோடன்றி வேறு தொடர்பில்லை. எனினும், அக்கரையில் 1935 பெப்ரவரி 20ஆம் நாள் நிகழ்ந்தது அறியத்தக்கது.

நோர்வே தேசத்தவரான லார்ஸ் கிறிஸ்தென்சன் திமிங்கில வேட்டையாற் பொருள் ஈட்டியவர். வேட்டைக்கு அனுப்பிய கப்பல்களைக் கொண்டே புதிய கரைகளையும் ஆராய்வித்தார். மனைவி இங்கிரிட்டின் பெயரே அக்கரைக்கு வழங்குகின்றது. அவருடைய தோர்ஷாவன் என்னும் கப்பலுக்குக் கிளாரியஸ் மிக்கெல்சன் தலைவர். அவருடன் மனைவி கரோலினும் பயணஞ் செய்தார். அவ்வம்மையார் தென்மார்க்கிற் பிறந்தவர். அன்று படகிறக்கி, பென்குயின்கள் நிறைந்த பாறை நிலத்தில் இருவரும் மாலுமிகள் சிலரும் கால்வைத்தனர். நோர்வேக் கொடி ஏற்றப்பட்டது. கற்குவியல் ஒன்று எழுப்பப்பட்டது. அந்தாட்டிக்காவை மிதித்த முதற் பெண் என்னும் புகழ் கரோலினுக்கு உரியதாயிற்று.

பிற்காலத்தில் இப்புகழ் ஆராய்ச்சிக்கு உள்ளாயிற்று. 1995இல் அக்கற்குவியலை மீண்டும் கண்ட அவுஸ்திரேலியர், அது திறைன் தீவுகளுள் ஒன்றில் இருப்பதை உணர்ந்தனர். தீவு கண்டமாகாது என்று 1998இல் ஆய்வாளர் எழுதினர். அவ்வாறாயின், 1937 சனவரி 30இல் ஸ்கலின் பாறையில் இறங்கிய இங்கிரிட் கிறிஸ்தென்சனே பெருநிலத்தை மிதித்த முதற் பெண்ணாவார். வரையறை வழுவாமை ஆராய்ச்சிக்கு இன்றியமையாததே. எனினும், பனிக்கடலைக் கடந்து வந்து படகினின்றும் இறங்கிய ஒருத்தியின் துணிவு, கால்பட்ட பாறைக்கும் பெருநிலத்துக்கும் இடையே நீர் ஓடியதாற் குறைவுபடுமோ?

இதனினும் சிந்திக்கத்தக்கது அவர் காத்த மௌனம். கிளாரியஸ் 1941இல் மறைந்தார். கரோலின் மறுமணம் புரிந்தார்; இரண்டாங் கணவரின் மனம் நோகாதிருத்தற் பொருட்டு அப்பயணத்தைப் பற்றி வாய்திறவாதிருந்தார். அறுபது ஆண்டுகளின் பின், 1995இல், அக்கரையிலுள்ள டேவிஸ் நிலையத்தின் தலைவியான டயானா பாற்றர்சன் அவரைத் தேடிக் கண்டபோதே வரலாறு அவர் வாய்மொழியாக வெளிப்பட்டது. மாலுமிகளின் பெயர்களைப் பொறிப்பதில் ஊக்கங்காட்டும் சரித்திர நூல்கள், இல்லறத்தின் பொருட்டு அடங்கிய ஒரு குரலை அதுகாறுந் தேடாதிருந்தமை வியப்பன்று, வருந்தத்தக்கதே.

ஏற்றிய கொடியோ பயன் தரவில்லை. 1939இல் நோர்வே உரிமை கோரிய பகுதி கிழக்கு 45 பாகையுடன் முடிந்தது. அதற்கப்பாலுள்ள இக்கரை அவுஸ்திரேலியா உரிமை கோரிய பகுதியுள் அடங்கியது. 1959ஆம் ஆண்டின் அந்தாட்டிக்கா உடன்படிக்கை அத்தகைய உரிமைக் கோரிக்கைகளை எல்லாம் உள்ளவாறே நிறுத்தி வைத்தது. மிக்கெல்சன் கண்ட அக்கரையிலேயே, லார்ஸ்மன் குன்றுகளில், 2012இல் இந்தியா பாரதி என்னும் ஆய்வு நிலையத்தைத் திறந்தது.