குரோமிய செப்பு ஆர்சனேட்டு

குரோமிய செப்பு ஆர்சனேட்டு அல்லது சி.சி.ஏ. என்பது, வெளியிடங்களில் பயன்படுத்தும் மரங்களைப் பூஞ்சை, கறையான், மரந்துளைக்கும் பூச்சிகள் ஆகியவற்றிலிருந்து காக்கப் பயன்படும் ஒரு வேதிக் கலவை ஆகும். இது நீரில் கரைத்து, அழுத்தத்தின் மூலம் மரத்தினுள் செலுத்தப்படுகிறது. இவ்வாறு பதப்படுத்திய மரம் வெளிர்பச்சை நிறம் பெறும். இதிலுள்ள ஆர்செனிக்கின் நச்சுத்தன்மை காரணமாகப் பல நாடுகள் இதன் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தியுள்ளன.

வரலாறு

இக்கலவையை 1933 ஆம் ஆண்டில் சோந்தி காமேசம் என்னும் இந்திய அறிவியலாளர் உருவாக்கினார். இவர் டேராடூனிலுள்ள வன ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றியவர். இது ‘ஆஸ்கு’ என்ற வணிகப் பெயரிலும் அறியப்பட்டது. இந்தியாவில் தோன்றிய இக்கலவை பின்னர் உலகெங்கும் பரவியது. 1970களுக்குப் பின் அமெரிக்காவில் வீட்டு முற்றத் தளங்கள், வேலிகள், சிறுவர் விளையாட்டுச் சாதனங்கள் போன்றவற்றில் பெருமளவில் பயன்பட்டது.

செயற்பாடு

கலவையின் மூன்று கூறுகளும் வெவ்வேறு பணிகளைச் செய்கின்றன.

* செப்பு: மரத்தை உளுக்கச் செய்யும் பூஞ்சைகளைத் தடுக்கிறது.
* ஆர்செனிக்: கறையான் முதலிய பூச்சிகளையும், செப்பைத் தாங்கி வளரும் பூஞ்சைகளையும் அழிக்கிறது.
* குரோமியம்: மற்ற இரண்டையும் மர இழைகளில் நிலைநிறுத்துகிறது. இதன்போது ஆறிணைதிறக் குரோமியம், நச்சுத்தன்மை குறைந்த மூவிணைதிறக் குரோமியமாக மாறுகிறது.

பதப்படுத்தும் முறை

உலர்த்திய மரம் எஃகு உருளைக் கலத்தில் அடுக்கப்படும். முதலில் வெற்றிடம் உண்டாக்கி மரத்திலுள்ள காற்று வெளியேற்றப்படும். பின்னர் கரைசல் நிரப்பி அழுத்தம் கொடுக்கப்படும். இம்முறை, 1838 இல் ஜான் பெத்தெல் என்பவர் கிரியோசோட்டு எண்ணெய்க்காகக் காப்புரிமை பெற்ற முறையை ஒட்டியது. கரைசல் மரத்தின் வெளிப்பகுதியான வெள்ளைக்குள் எளிதில் ஊறும். வைரம் பாய்ந்த பகுதிக்குள் எளிதில் ஊறாது. தேக்கின் வைரம் இயற்கையாகவே கறையானைத் தாங்குவதால் அதற்கு இம்முறை பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. மதுரைச் சமவெளி போன்ற வெப்பமான பகுதிகளில் மண்ணில் ஊன்றும் விலைகுறைந்த மரங்களைக் கறையான் விரைவில் அரித்துவிடும். இத்தகைய மரங்களுக்கே பதப்படுத்தல் பெரிதும் பயன்படுகிறது. இந்தியாவில் மரப் பாதுகாப்புக்கான நடைமுறைகளை ஐ.எஸ். 401 என்னும் இந்தியத் தரம் வரையறுக்கிறது.

பாதுகாப்புச் சிக்கல்கள்

மழைநீர் பட்டால் மரத்திலிருந்து சிறிதளவு ஆர்செனிக் கசிந்து அருகிலுள்ள மண்ணில் சேர்கிறது. மரத்தைத் தொட்ட கையை வாயில் வைக்கும் சிறுவர்களுக்கு இதனால் இடர் உண்டு. ஆர்செனிக்கும் ஆறிணைதிறக் குரோமியமும் மனிதரில் புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை.

இம்மரத்தை எரிப்பது மிகவும் ஆபத்தானது. ஆர்செனிக்கின் ஒரு பகுதி புகையுடன் கலக்கிறது. எஞ்சியது சாம்பலில் செறிந்து நிற்கிறது. எனவே பழைய கம்பங்களையும் பலகைகளையும் விறகாகவோ, அவற்றின் சாம்பலை உரமாகவோ, பாத்திரம் துலக்கவோ பயன்படுத்தக் கூடாது.

கட்டுப்பாடுகள்

அமெரிக்காவில் உற்பத்தியாளர்கள் தாமாகவே முன்வந்து, 2003 ஆம் ஆண்டு இறுதியுடன் பெரும்பாலான வீட்டுப் பயன்பாடுகளுக்கான மரத்தை இக்கலவையால் பதப்படுத்துவதைக் கைவிட்டனர். ஐரோப்பிய ஒன்றியத்தின் கட்டுப்பாடு 2004 இல் நடைமுறைக்கு வந்தது. ஏற்கெனவே அமைக்கப்பட்டவற்றை உடனே அகற்ற வேண்டும் என அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அறிவுறுத்தவில்லை. மேற்பூச்சுப் பூசுவது கசிவைக் குறைக்கும்.

கையாளும் முறை

* அறுக்கும்போது முகக்கவசமும் கையுறையும் அணிதல் வேண்டும். மரத்தூளைத் திரட்டி அப்புறப்படுத்த வேண்டும்.
* உணவு, குடிநீர், கால்நடைத் தீவனம் ஆகியவை படும் இடங்களில் இம்மரத்தைப் பயன்படுத்தக் கூடாது.
* வேலை முடிந்தபின், உண்ணும் முன் கைகளைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும்.

மாற்றுகள்

ஆர்செனிக் இல்லாத செப்புக் கலவைகள் தற்போது பயன்பாட்டில் உள்ளன. இவற்றில் செப்பின் அளவு மிகுதி என்பதால் சாதாரண இரும்பு ஆணிகள் விரைவில் அரிக்கப்படும். நாகம் பூசிய அல்லது துருப்பிடிக்காத எஃகு ஆணிகள் தேவை. போராக்சு, போரிக் அமிலம் ஆகியவை நச்சுத்தன்மை குறைந்தவை. எனினும் மழையில் கரைந்துவிடுவதால் வீட்டின் உட்புற மரங்களுக்கே ஏற்றவை.

இவற்றையும் பார்க்க

* கறையான்
* ஆர்செனிக்
* தேக்கு